இறகு உதிர்க்கும் கோழி: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

வளர்ப்புக் கோழிக்கு இறகு கொட்டத் தொடங்கியதும் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி பதறிப்போய், கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் தண்ணீரில் கலக்கிறது. மறு கட்சி ‘இறகு மாற்றும் காலம், தானாகச் சரியாகும்’ என்று சொல்லிவிட்டு, பேன் பிடித்த கோழியையும் தீனி இறங்காத கோழியையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறது. இந்த இரண்டாவது கட்சியைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இறகு உதிர்ப்பு நோயில்லை என்பது சரி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நோய் ஒன்று வாரக்கணக்கில் கவனிக்கப்படாமல் போக முடியும்.

எது வழக்கம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வளர்ந்த கோழி ஏறத்தாழ 16 முதல் 18 மாத வயதில் முதன்முறையாக முழு இறகையும் மாற்றும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பகல் பொழுது குறையத் தொடங்குவதுதான் அதற்கான சமிக்ஞை. பெரும்பாலான கோழிகளுக்கு 8 முதல் 12 வாரத்தில் வேலை முடிந்துவிடும். வயதானவை, மெதுவாக உதிர்ப்பவை 16 வாரத்துக்கு மேலும் இழுக்கும். பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் இந்த ஒழுங்கு அவ்வளவு கறாராக இருப்பதில்லை. அங்கே நாள்காட்டியை நம்பாமல் கோழியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று கேள்விகளோடு தொடங்குங்கள். இறகு போன இடத்தில் தண்டு மிச்சமிருக்கிறதா? தோல் சுத்தமாக இருக்கிறதா? கோழி வழக்கம்போல் தின்று, தண்ணீர் குடிக்கிறதா? தண்டு இல்லை, தோல் சுத்தம், தீனி இறங்குகிறது என்றால் உங்களுக்குச் செய்வதற்கு அதிக வேலையில்லை. மூன்றில் ஒன்று தவறினாலும் கீழே படியுங்கள்.

கூண்டெல்லாம் இறகு, தலையும் கழுத்தும் மொட்டை

இது பெரும்பாலும் இயல்பான உதிர்ப்பு. வரிசையைக் கவனித்தால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். தலையில் தொடங்கும். பிறகு கழுத்து, மார்பு, முதுகு, சிறகு, கடைசியில் வால். சில கோழிகள் ஒவ்வோர் இறகாகக் கழற்றுவதால் பார்ப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. வேறு சில ஒரே வாரத்தில் பாதி உடம்பைக் காலி செய்துவிடும். பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும், ஒரேயடியாகக் கொட்டுபவை பொதுவாகச் சீக்கிரம் மீளும். நன்றாக முட்டையிடும் கோழிகள் தாமதமாகத் தொடங்கி வேகமாக முடிப்பது வழக்கம்.

இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று தெரிய வேண்டுமானால் சிறகை மெதுவாக விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் 10 பெரிய இறகுகள், உள்பக்கம் சற்றுச் சிறியவை, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே குட்டையான ஓர் இறகு. அந்தக் குட்டை இறகுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய இறகுதான் முதலில் விழும். அங்கிருந்து சிறகின் நுனியை நோக்கி ஒவ்வொன்றாக மாறும். ஒரு பெரிய இறகு முழு நீளத்துக்கு வளர ஏறத்தாழ 6 வாரம் ஆகும். நுனிப்பக்கம் நான்கைந்து பழைய இறகுகள் மங்கலாக, ஓரம் கிழிந்து நின்றால், இன்னும் நாள் கிடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் ஒரே நீளத்தில் வளர்ந்துகொண்டிருந்தால் அது வேகமாக மாற்றுகிற கோழி.

பிறவியிலேயே கழுத்தில் இறகில்லாத இனங்களும் உண்டு. புதிதாக வாங்கி வந்த கோழியின் கழுத்து மாதக்கணக்கில் மொட்டையாகவே இருந்தால், வைத்தியம் பார்ப்பதற்கு முன் இனத்தைப் பாருங்கள்.

ஒரே இடம் மட்டும் மொட்டை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதிர்ப்பு உடம்பின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வட்டமாகத் தோல் தெரிந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதற்குத் தண்டுதான் சாட்சி. பகல் வெளிச்சத்தில் மொட்டை இடத்தின் ஓரத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். உதிர்ந்த இறகு அடியோடு வந்துவிடும். குழி மட்டும் இருக்கும், சில நாளில் அங்கே புது இறகின் குருத்து தலைகாட்டும். உடைந்த இறகென்றால் தோலில் கட்டையான தண்டு நின்றுகொண்டிருக்கும், தடவினால் சொரசொரப்பாகத் தெரியும்.

முதுகிலும் பின்தலையிலும் உடைந்த தண்டுகள் இருந்தால் சேவல்தான் காரணம். ஏறி மிதிக்கும்போது நகமும் அலகும் இறகை ஒடிக்கின்றன. சேவல் எண்ணிக்கைக்குக் கோழிகள் குறைவாக இருந்தாலோ, ஒரே கோழியையே சேவல் நாடினாலோ இது மோசமாகும். சேவலைப் பிரித்து வைப்பதே தீர்வு. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: உடைந்த தண்டு குழியில் இருக்கும்வரை புது இறகு முளைக்காது. அடுத்த உதிர்ப்பில் அந்தத் தண்டு விழுந்த பிறகுதான் வளரும். சேவலைப் பிரித்து ஒரு மாதமாகியும் முதுகு மூடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். தண்டுகளைப் பிடுங்கிவிட்டால் சீக்கிரம் வளருமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வலி கோழிக்குத்தானே, யோசனை சொல்வது எளிது.

மார்பும் அடிவயிறும் மட்டும் மொட்டையாகி, கோழி கூட்டிலேயே உட்கார்ந்து, கை கொண்டுபோனால் உடம்பை உப்பிக் கொக்கரித்தால், அது அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முட்டையில் தன் சூடு நேராகப் படுவதற்காகத் தானே இறகைப் பிடுங்கியிருக்கும். அடை முடிந்த கையோடு உதிர்ப்பும் தொடங்குவது சகஜம்.

எச்சத் துவாரத்தைச் சுற்றி மட்டும் இறகு போயிருந்தால் முதல் சந்தேகம் பேன், சிற்றுண்ணி. அடுத்தது மற்ற கோழிகள் கொத்துவது. வெள்ளையாக நாற்றமடிக்கும் கசிவும் சேர்ந்திருந்தால் துவாரத்தில் தொற்று இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டைக்குக் கீழே மட்டும் ஒரு பட்டையாகத் தேய்ந்திருந்தால் தீவனத் தொட்டியின் விளிம்பையோ கம்பி வலையின் இடைவெளியையோ பாருங்கள். கழுத்தை நீட்டி நீட்டித் தின்னும் இடத்தில் உரசியிருக்கும்.

மொட்டையானதும் கண்ணில் படும் புதிய சங்கதிகள்

இறகு மூடியிருந்தவரை பார்க்காத உடம்பை இப்போது பார்க்கிறீர்கள். அதனால் பயமுறுத்துகிற சில விஷயங்கள் முழுக்க இயல்பானவை.

வாலடியின் மேல்புறம் காம்புபோன்ற ஒரு முனையோடு சிறு புடைப்பு தெரியும். அதைக் கட்டி என்று நினைத்துப் பிதுக்கிவிடாதீர்கள். இறகுக்கு எண்ணெய் தரும் சுரப்பி அது. கோழி அலகால் அதைத் தொட்டுத் தொட்டு இறகைக் கோதுவதைப் பார்த்திருப்பீர்கள். சிவந்து, ஒரு பக்கமாக வீங்கி, கெட்டியாக இருந்தால் மட்டுமே கவலை.

கருப்பு, சாம்பல் நிறக் கோழிகளுக்குத் தோலுக்கடியில் நீலப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அடிபட்ட கன்றல் இல்லை, உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் குருத்தின் நிறம் தோல்வழி தெரிகிறது. வரிசை ஒழுங்காக இருப்பதே அடையாளம். கன்றலுக்கு அப்படி ஒழுங்கு கிடையாது, நாள்பட அது பச்சையாகவும் மாறும்.

தொட்டால் உடம்பு கொதிக்கிறது, காய்ச்சலோ என்று கேட்பவர்கள் அதிகம். கோழியின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகில்லாத தோலைத் தொட்டால் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். கையின் உணர்வை வைத்துக் கோழிக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் வேலை வேண்டாம்.

கொண்டையும் தாடியும் வெளிறிச் சுருங்குவதும் இந்தக் காலத்தில் வழக்கம்தான். முட்டையிடுவதற்கான சுரப்புகள் குறைந்ததன் வெளி அடையாளம் அது. ஆனால் கொண்டை நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறினால் அதற்கும் உதிர்ப்புக்கும் தொடர்பில்லை.

முட்டை நின்றுவிட்டது

நிற்க வேண்டியதுதான். இறகில் பெரும்பகுதி, 85 விழுக்காட்டுக்கு மேல், புரதம். முட்டைக்கும் இறகுக்கும் சேர்த்து ஒரே உடம்பு புரதம் தேட முடியாததால் சூலகமும் முட்டைக்குழலும் சுருங்கி ஓய்வுக்குப் போகின்றன. ஓரிரு கோழிகள் இறகை மாற்றிக்கொண்டே எப்போதாவது முட்டையிடும். அதையும் நோயாக நினைக்க வேண்டாம்.

முட்டையை மீட்பதற்காகக் கூண்டில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உதவும் என்பது உண்மை. ஆனால் இறகு பாதி வளர்ந்திருக்கும்போது அதைச் செய்வது உடம்பை இரண்டு பக்கம் இழுப்பதற்குச் சமம். வளர்ப்புக் கோழிக்கு என்ன அவசரம்? இறகு முழுதாக மூடட்டும். பகல் நீளத் தொடங்கும்வரை சில கோழிகள் முட்டையிடாது, அதுவும் சரியே. எதிர்ப்பக்கத்துச் சிக்கல் ஒன்றும் உண்டு: இரவு முழுவதும் கூண்டின்மேல் விழும் தெருவிளக்கோ வாசல் விளக்கோ உதிர்ப்பின் காலத்தைக் குழப்பும். ஒரு திரை போட்டு மறைத்துவிடுங்கள்.

தீனியை நிறுத்திப் பட்டினி போட்டு உதிர்ப்பை முடுக்கும் பழைய பண்ணை முறையைச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் காதில் வாங்காதீர்கள்.

கோழி முட்டைக்கு முக்குவதுபோல் வாலைத் தாழ்த்தி, உடம்பை நிமிர்த்தி நின்று, அடிவயிறு உப்பி இருந்தால் கதை வேறு. முட்டை சிக்கியிருக்கலாம், வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நிலை அது.

மடியில் வந்து உட்காரும் கோழி இப்போது தொட்டால் அலறி ஓடுகிறது

கோபமில்லை, வலிக்கிறது. புது இறகு முதலில் உறையோடு வெளிவரும். மெழுகுபோல் மினுங்கும் ஒரு குழாய், அடிப்பகுதி ரத்த ஓட்டத்தால் கருநீலமாக, நுனியில் மட்டும் உறை பிளந்து இறகின் மயிர் சிறிதாக எட்டிப் பார்க்கும். கழுத்து முழுவதும் இப்படி முளைத்த கோழி ஒரு சின்ன முள்ளம்பன்றி. அந்தக் குழாய் ஒவ்வொன்றையும் அழுத்தினால் அடியிலுள்ள நரம்பில் உறைக்கும். நாம் அன்பாகத் தடவுவது அதற்கு அடி.

எனவே தூக்குவதைக் குறையுங்கள். கூப்பிட்டால் வரட்டும், கையிலிருந்து தின்னட்டும், அவ்வளவு போதும். பேன் பார்க்கவோ எடை பார்க்கவோ தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதுகைப் பிடிக்காமல், நெஞ்செலும்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குங்கள். சிறகை இறுக்காமல் உடம்போடு அணைத்தால் போதும். இருட்டில், அமரும் கட்டையில் இருக்கும்போது எடுத்தால் திமிறல் குறையும்.

குளிருமே என்று கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடும் பழக்கத்தைப் படங்களில் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு: வேண்டாம். துணி குருத்துகளை அழுத்துகிறது, வளர்வதைத் தடுக்கிறது, அடியில் பேன் குடியேற வசதி செய்துகொடுக்கிறது. கோழியால் கோதவும் முடியாது. படத்துக்கு அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதில் ஒரு பயனும் இல்லை.

ரத்தம்

குருத்து ஒடிந்தால் பார்ப்பவர் மிரளும் அளவுக்கு ரத்தம் வரும். குழாய்க்குள் ஓடும் ரத்தம் திறந்த முனை வழியாகச் சொட்டுகிறது. சிறகிலும் வாலிலும் உள்ள பெரிய குருத்துகளில்தான் இது அதிகம்.

முதல் வேலை, அந்தக் கோழியைக் கூட்டத்திலிருந்து எடுப்பது. மருந்து தேடுவது அதற்கு அப்புறம். ரத்தத்தின் சிவப்பைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கும், ஒரு சொட்டு பெரும் புண்ணாகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் வைத்து, சுத்தமான துணியால் ஒடிந்த இடத்தை 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறையும் ரத்தம் கலைந்துவிடும். குருத்தின் முனையில் சோள மாவை அப்பினால் உறைவதற்கு உதவும். நகம் வெட்டும்போது ரத்தம் நிறுத்தப் பயன்படுத்தும் பொடி இருந்தால் அதையும் குருத்தின் முனையில் வைக்கலாம். தோலில் பிளந்த காயத்தில் அந்தப் பொடியைப் போடாதீர்கள், எரியும்.

நின்றுவிட்டால் அன்று முழுவதும் தனியே வையுங்கள். காய்ந்த ரத்தத்தை மற்ற இறகுகளிலிருந்து ஈரத்துணியால் துடைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

அழுத்தியும் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால், ஒடிந்த குருத்தை அடியோடு எடுக்க வேண்டியிருக்கும். சிறகின் எலும்பை ஒரு கையால் அசையாமல் பிடித்து, தோலை ஒட்டி இடுக்கியால் பற்றி, இறகு வளரும் திசையிலேயே ஒரே இழுப்பில் எடுத்து, குழியை அழுத்திப் பிடிப்பது முறை. எழுதுவதற்கு இவ்வளவுதான். செய்வதற்குப் பழக்கப்பட்ட கை வேண்டும். தவறாக இழுத்தால் சிறகெலும்பு ஒடியலாம், குழி கெட்டு அங்கே இனி இறகே ஒழுங்காக வராமலும் போகலாம். மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்.

மற்ற கோழிகள் கொத்துகின்றன, இறகைத் தின்கின்றன

மொட்டைக் கோழி கூட்டத்தில் தன் இடத்தை இழக்கும். மற்றவற்றின் கண்ணுக்கு அது தெரிந்த பழைய கோழியாக இல்லை. எதிர்த்து நிற்கவும் தெம்பு இல்லை. தீவனத் தொட்டியும் தண்ணீரும் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது பின்வாங்கிப் பட்டினி கிடக்கும். நீங்கள் அதைச் சோர்வு என்று நினைப்பீர்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு இடங்களில் தீவனமும் தண்ணீரும் வையுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மூலை, ஒரு சாய்த்த பலகை இருந்தாலே சண்டை பாதி குறைகிறது.

கீழே விழுந்த இறகைத் தின்பது பெரும்பாலும் புரதக் குறைவின் குரல். கூட்டத்தில் யாரெல்லாம் இறகு மாற்றுகிறார்கள் என்று பாருங்கள், தீவனத்தைப் பாருங்கள், உதிர்ந்த இறகைத் தினமும் அள்ளிவிடுங்கள். இன்னொரு கோழியின் உடம்பிலிருந்து பிடுங்கித் தின்பது பழக்கமாகிவிட்டால் மாற்றுவது கடினம். இடநெருக்கடியும் சும்மா நிற்கும் நேரமும் அதற்குத் தூண்டுகோல். பிடுங்கும் கோழியைப் பிரித்து வையுங்கள். பிடுங்கப்படும் கோழியைப் பிரித்தால் அது திரும்பி வரும்போது இன்னும் அந்நியமாகிவிடும்.

இந்தக் காலத்தில் புதிய கோழியைக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். எவ்வளவு நல்ல கோழி கிடைத்தாலும் சரி.

வாரங்கள் போயும் குருத்தே காணோம்

தீவனத்திலிருந்து தொடங்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் பொதுவாக 16 விழுக்காடு அளவில் இருக்கும். இறகு வளரும்போது 18 முதல் 20 விழுக்காடு தேவை. அதிலும் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களான மெத்தியோனின், சிஸ்டீன் இரண்டும் இறகுக்கு முக்கியம். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு கால்சியமும் இருக்கிறது. முட்டையிடாத கோழிக்கு அவ்வளவு தேவையில்லை. எனவே புரதம் கூடிய வளர்கோழித் தீவனத்துக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றி, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே நல்ல ஏற்பாடு. முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது சீட்டைப் படியுங்கள்: மருந்து கலந்த குஞ்சுத் தீவனம் தேவையில்லாத ஒன்று.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, தீவனத்தைத் தொடாமல், தட்டு நிறையத் தானியத்தைக் கொட்டுவது. தானியம் கோழிக்குப் பிடிக்கும், வயிறும் நிறையும், புரதம் மட்டும் மொத்தத்தில் குறைந்துவிடும். ஒரு கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். தீவனத்துக்கு வெளியே கொடுப்பது எதுவானாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. அந்த ஒரு கரண்டியை வேகவைத்த முட்டை, உப்பில்லாத மீன், உலர்ந்த புழு, சூரியகாந்தி விதை என்று செலவழித்தால் பலன் உண்டு. புரதத்தையும் அளவில்லாமல் ஏற்ற வேண்டாம். மிஞ்சியது எச்சத்தில் போகும், கூளம் நனையும், அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும்.

தீவனம் சரியாக இருந்தும் குருத்து வரவில்லை என்றால் அந்த இடத்தை மற்ற கோழிகள் கொத்துகின்றனவா என்று பாருங்கள். குருத்து முளைக்க முளைக்கத் தின்றுவிடுவதும் உண்டு. அதுவும் இல்லையென்றால் பேன், குடற்புழு, வயது என்று வரிசையாகப் போகலாம். குடற்புழு மருந்தில் ஓர் எச்சரிக்கை: ஃபென்பெண்டசோல் வளரும் இறகின் அமைப்பைக் குலைக்கக்கூடும். அவசரமில்லை என்றால் இறகு வளர்ந்த பின் கொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

வெள்ளைப் பொடியா, பேனா?

கோழியைச் சுற்றிப் பொடுகுபோல் உதிர்வது குருத்தின் உறைதான். கோதும்போது உறை நொறுங்கிப் பறக்கிறது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் கூண்டைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்வது நல்லது.

பேன் முட்டை இப்படிப் பறக்காது. எச்சத் துவாரத்துக்குக் கீழே, இறகின் அடித்தண்டைச் சுற்றி, வெள்ளைக் கட்டியாக ஒட்டியிருக்கும். நகத்தால் தள்ளினாலும் நகராது. இறகை ஒதுக்கியதும் வைக்கோல் நிறத்தில் தட்டையான பூச்சிகள் விரைந்து ஓடினால் பேன். துவாரத்தைச் சுற்றிய இறகுகள் அழுக்குப் பிடித்துக் கருத்திருந்தால் சிற்றுண்ணி. இன்னொரு வகைச் சிற்றுண்ணி பகலில் கோழியின் மேல் இருக்காது, கட்டையின் இடுக்கில் ஒளிந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இருட்டிய பின் அமரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடையுங்கள். சிவப்புக் கறை பட்டால் கோழியை விட்டுவிட்டுக் கூண்டுக்கு வைத்தியம் செய்யுங்கள். மாலையானதும் கூண்டுக்குள் போக மறுக்கும் கோழி பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது.

மருந்து எதுவானாலும் முட்டைக்குப் பயன்படும் கோழிக்கு அனுமதிக்கப்பட்டதா, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பேன் முட்டையை மருந்து கொல்லாததால் 7 முதல் 10 நாளில் மறுமுறை போட வேண்டும். பலர் தோற்பது இந்த இரண்டாம் முறையை மறப்பதால்தான். பெர்மெத்ரின் உள்ள மருந்தென்றால் வீட்டுப் பூனை கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அது நஞ்சு. காய்ந்த மண்ணில் குளிக்க இடம் கொடுத்தால் கோழி தன் பங்கைத் தானே செய்துகொள்ளும்.

சோர்வு, மெலிவு

கொஞ்சம் ஒதுங்கி நிற்பது, குறைவாக ஓடுவது, நிழலில் கண்ணயர்வது எல்லாம் இந்தக் காலத்தில் உண்டு. அளவு தெரிய இரண்டு சோதனைகள். காலையில் தீனி வைப்பதற்கு முன் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொடுங்கள். காலியாகத் தட்டையாக இருக்க வேண்டும். நேற்றைய தீனி கெட்டியாகவோ, தண்ணீர்ப்பைபோல் புளித்த வாடையோடோ இருந்தால் செரிமானம் நின்றிருக்கிறது. அடுத்து நெஞ்செலும்பு. இரு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி விளிம்புபோல் எலும்பு மட்டும் கைக்குத் தட்டினால் உதிர்ப்பைத் தாண்டிய பிரச்சினை. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் ஒரு கூடையோடு நிறுத்து எழுதிவைத்தால் ஊகமே தேவையில்லை.

தின்னாமல் இருப்பது, பச்சை நிற எச்சம், வாயைத் திறந்து மூச்சு விடுதல், கண்ணிலோ மூக்கிலோ நீர், நொண்டல், நாள் முழுவதும் உப்பிக்கொண்டு கண்ணை மூடி நிற்றல்: இவற்றில் எதுவும் இறகு மாற்றத்தின் பகுதியல்ல. மருத்துவரைப் பாருங்கள். கூட்டத்தில் பல கோழிகள் ஒரே சமயத்தில் முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, திடீரென்று சாகத் தொடங்கினால் எதையும் இடம் மாற்றாமல், இறந்ததை வெறுங்கையால் தொடாமல், கால்நடை அதிகாரிகளுக்கு உடனே தெரிவியுங்கள். பறவைக் காய்ச்சலோ வெள்ளைக்கழிச்சலோ என்று அவர்கள்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

நடுக்கம், வெயில்

காற்று நேராக வீசாத, நனையாத இடம் போதும். கூண்டை முழுக்க அடைத்துவிடாதீர்கள். மேற்புறம் காற்று வெளியேற வழியில்லையென்றால் ஈரம் தங்கும். வெப்ப விளக்கு தீ விபத்துக்கு அழைப்பு. மழையில் நனைந்த மொட்டைக் கோழியை மட்டும் துடைத்து உள்ளே வையுங்கள். வெயில் பக்கத்தையும் மறக்க வேண்டாம்: வெறும் முதுகு கருகும், நிழல் வேண்டும்.

காலம் தப்பிக் கொட்டுகிறது

குஞ்சுகள் முதல் சில வாரங்களில் பூமயிரைப் போக்கி இறகு மாற்றுவதும், வளரும்போது மீண்டும் மாற்றுவதும் இயல்பு. வளர்ந்த கோழி பருவமில்லாத நேரத்தில் கொட்டினால், கடந்த சில வாரங்களில் நடந்ததைப் பின்னோக்கிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் கிடந்த ஒரு வெயில் நாள், நாய் துரத்தியது, இடம் மாறியது, தீவனம் திடீரென மாறியது, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கழுத்தோடு நின்றுவிடும் அரை உதிர்ப்பு பெரும்பாலும் இந்த வகை. காரணம் நீங்கினால் அடங்கிவிடும்.

புது இறகு பழைய மாதிரி இல்லை

நிறம் கொஞ்சம் மாறுவது, சில வெள்ளை இறகு எட்டிப் பார்ப்பது, வயதான கோழிகளிடம் சாதாரணம். இறகின் குறுக்கே மெல்லிய கோடு ஓடினால் அது வளர்ந்த நாட்களில் கோழி பட்டினியோ பயமோ பட்டிருக்கிறது. அந்த இறகு இனி அப்படியேதான் இருக்கும், அடுத்த ஆண்டு மாறும்.

சிறகு வெட்டி வளர்க்கும் கோழிகளுக்கு ஒரு கூடுதல் சங்கதி. வெட்டிய இறகுகளும் இந்த உதிர்ப்பில் விழுந்து முழு நீளத்தில் புதிதாக வருகின்றன. ஓராண்டாக வேலிக்குள் அடங்கிக் கிடந்த கோழி ஒரு காலையில் மதில்மேல் நிற்கும். குருத்தில் ரத்தம் ஓடும்போது கத்தரிக்கோலை எடுத்தால் மேலே சொன்ன ரத்தக் கதைதான். தண்டின் அடி வெளிறி, உள்ளே ரத்தம் வற்றியது தெளிவாகத் தெரிந்த பிறகு வெட்டுங்கள். அதுவரை வேலியின் மேல் ஒரு வலையைக் கட்டி வையுங்கள்.